மூன்று வாரம் ஹெர்னியா

என் உடம்பில் வெயிலே படாத ஓர் உறுப்பைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்து முழுக்கத் தெரிந்துகொண்டது கொரோனா வந்த வருடம், ஜூன் மாதக் கடைசியில், காலை ஒன்பதே முக்கால் மணிக்கு. அறிவித்தவர் என் மாமியார். அப்போது நான் தலை முழுக்க ஷாம்பு நுரையோடு குளியலறையில் நின்றுகொண்டிருந்தேன். ஓடிவந்து தடுத்திருக்கலாம். ஆனால் அறிவிப்புக்கான ஆதாரத்தையும் கூடவே கொண்டுவந்திருக்க வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. துவாக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் வெல்டிங் சோதிக்கிற வேலை. பாய்லருக்குப் போகும் குழாய்களில் பற்றவைத்த இடத்தின்மேல் பசையைத் தடவி, கையடக்கமான கருவி ஒன்றை வைத்து நகர்த்தினால், உள்ளே விரிசலோ ஓட்டையோ இருப்பது திரையில் தெரியும். தெரிந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டு ‘ரிப்பேர்’ என்று எழுதுவேன். வெல்டர் கெஞ்சுவார், சூப்பர்வைசர் கண்ணைக் காட்டுவார், வெளியே லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். எழுதினது எழுதினதுதான். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நத்தத்திலிருந்து என் மாமியார் வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல். கல்யாணமாகி நான்கு வருடமாகியும் மகளுக்குப் பிள்ளை இல்லையே என்று அம்மனுக்கு ஒரு கூடைப் பூவும் ஒரு விண்ணப்பமும் கொண்டுவந்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாடே கதவைச் சாத்திக்கொண்டது. சாயங்காலம் தட்டைத் தட்டச் சொன்னார்கள் என்று எங்கள் எவர்சில்வர் தட்டு நெளியும் அளவுக்குத் தட்டினார். கிருமி போகவில்லை, தட்டுதான் போயிற்று. பூ ஃப்ரிட்ஜில் கிடந்து கறுத்தது. கோயிலும் பூட்டு, பஸ்ஸும் இல்லை. நான்கு நாளுக்கு வந்தவர் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டார். ஊருக்குப் போக இ-பாஸ் கேட்டால் கல்யாணமா, சாவா, வைத்தியமா என்று மூன்றே காரணம்தான். மாப்பிள்ளை வீட்டில் கூச்சமாக இருக்கிறது என்பதற்கு அந்த விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது.

கூச்சம் என்று நான் சும்மா சொல்லவில்லை. அவர்கள் வீட்டு வழக்கப்படி மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. நான் ஹாலில் வந்து உட்கார்ந்தால் அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். தட்டுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கும்போதே மகளைப் பார்த்து, மாப்பிள்ளை இன்னொரு தோசை சாப்பிடுவாரா கேள் என்பார். நானும் அவளிடம், போதுமென்று சொல் என்பேன். அறுநூற்று ஐம்பது சதுர அடி ஃபிளாட்டில் என் மனைவி நடுவில் நின்று தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருப்பாள். இத்தனைக்கும் அத்தைக்கு ஐம்பத்திரண்டு வயதுதான். புருஷன் போன பிறகு தனியாகவே தோப்பையும் இரண்டு மாட்டையும் கட்டி ஆள்பவர். வியாபாரி, லாரிக்காரன், வி.ஏ.ஓ. என்று எல்லாரோடும் வாய் ஓயாமல் பேசுவார். என்னிடம் மட்டும்தான் இந்த மௌன விரதம்.

மே மாதம் ஒருநாள் குளிக்கும்போது இடதுபக்க விதையில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு. வலி இல்லை. வலி இல்லையென்றால் வியாதி இல்லை என்பது நம் ஊர் மருத்துவம் அல்லவா, விட்டுவிட்டேன். அந்த இடத்தைப் பற்றி எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பாடம், எட்டாம் வகுப்பில் ஒரு கிரிக்கெட் பந்து சொல்லித்தந்ததுதான். பத்து நாள் கழித்தும் கடலை அங்கேயே இருந்ததால் மனைவியிடம் சொன்னேன். அவள் கணக்கு டீச்சர். அழுகையெல்லாம் அப்புறம்தான். எத்தனை நாளாயிற்று, எவ்வளவு பெரிது, முன்னைவிட வளர்ந்திருக்கிறதா என்று முதலில் கேள்வித்தாள் வந்தது. மறுநாள் தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

ஸ்கேன் எடுத்த டாக்டர் தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தார். நான் இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் இருந்தேன். சராசரி சரியாகத்தான் இருந்தது. ஜில்லென்று பசையைத் தடவி, கருவியை வைத்து நகர்த்தினார். பசை, கருவி, திரை, எல்லாம் என் தொழில் சாமான்கள். இடம்தான் வேறு. திரையை எட்டிப் பார்த்தேன். இந்த மாதிரி ஒரு நிழல் குழாயில் தெரிந்திருந்தால் இரண்டாவது தடவை பார்க்காமல் சாக்பீஸை எடுத்திருப்பேன். அந்த ஏசியிலும் எனக்கு வேர்த்துவிட்டது.

ரத்தப் பரிசோதனை இன்னும் வேடிக்கை. இந்த மாதிரிக் கட்டி இருந்தால் சில ஆண்களின் ரத்தத்தில் ஒரு ஹார்மோன் கூடுமாம். பெண்கள் பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதே ஹார்மோன். எனக்குக் கூடியிருந்தது. ஆக, பேரப்பிள்ளை கேட்டு மாமியார் வேண்டிக்கொண்ட வீட்டில் முதல் பாசிட்டிவ் எனக்குத்தான் வந்தது. ஆத்தா காரியத்தைச் சரியாகத்தான் செய்திருந்தாள், விலாசம்தான் மாறிப்போயிற்று. இதை மனைவியிடம் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள்.

அறுவை சிகிச்சை டாக்டர் நிதானமான மனிதர். புற்றுநோயாகத்தான் தெரிகிறது என்று முகத்தைப் பார்த்தே சொன்னார். இளவயது ஆண்களுக்கு வருவதுதான், சீக்கிரம் வந்தால் அநேகமாக முழுக்கக் குணமாகிவிடும் என்றார். கண்புரை, பித்தப்பைக் கல், குடலிறக்கம் எல்லாவற்றையும் கொரோனா போகட்டும் என்று தள்ளிவைத்திருக்கிறோம் என்றும் சொன்னார். “இதைத் தள்ளி வைக்க முடியாதுங்க. இது நமக்காகக் காத்திருக்காது. ஒரு வாரத்துக்குள்ள அந்தப் பக்கத்தை எடுத்துடணும்” என்றார். போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். கீறுவது அந்த இடத்தில் இல்லை, அடிவயிற்றோரம், ஹெர்னியாவுக்குக் கீறுகிற அதே இடத்தில். தழும்பைப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அவர் ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கோ திருடனிடம் சாவியைக் கொடுத்த கதையாயிற்று. திரும்பி வரும்போது காவிரிப் பாலத்திலேயே நானும் மனைவியும் பேசி முடித்துவிட்டோம். அத்தையைப் பொறுத்தவரை எனக்கு ஹெர்னியா. அவருக்கு மட்டும் இல்லை, என் கம்பெனிக்கு, அவள் பள்ளிக்கூடத்துக்கு, கீழ்வீட்டுக்கு, எல்லாருக்கும் ஹெர்னியா. மாமியாரிடம் போய் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? தோசை வேண்டாம் என்பதையே ஆள் வைத்துச் சொல்கிறவன் நான்.

ஆப்பரேஷனுக்கு நாள் குறித்து வந்த மூன்றாம் நாள் அந்த மருத்துவமனையில் இரண்டு நர்ஸுகளுக்கும் ஒரு டாக்டருக்கும் கொரோனா. அந்த ஒரு டாக்டர் என் டாக்டர். கட்டிடத்தில் பாதியைப் பூட்டி மருந்தடித்தார்கள். ஃபைல்கள் எல்லாம் பூட்டுக்கு உள்ளே போய்விட்டன. ஆப்பரேஷனுக்குக் காத்திருந்தவர்களின் பெயரும் போன் நம்பரும் மட்டும் ஒரு நோட்டில் வெளியே இருந்தன. மிச்சமிருந்த ஒரே தியேட்டரில் யாரை முதலில் எடுப்பது, யாரைப் பிறகு எடுப்பது என்று பிரிக்க வேண்டும். அதற்காக ஆபீஸிலிருந்த ஒரு பெண்ணை உட்கார வைத்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். எனக்கும் அந்த போன் வந்தது.

எங்கள் ஃபிளாட்டில் டவர் கிடைக்கிற இடம் பால்கனி ஒன்றுதான். அங்கே அத்தை பழைய வேட்டியை விரித்துக் கூழ் வத்தல் பிழிந்துகொண்டிருந்தார். சந்துக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி, எதிர் பால்கனி. அதில் ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் ஒருவர் பன்னிரண்டு திருமண்ணும் பளபளக்கத் துளசிக்குத் தண்ணீர் விட்டபடி பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தார். எதற்காக ஆப்பரேஷன் என்று போனில் அந்தப் பெண் கேட்டாள். எனக்கு வார்த்தை தெரியாமல் இல்லை. தமிழில் மூன்று தெரியும், இங்கிலீஷில் இரண்டு தெரியும். வத்தல் பிழியும் மாமியாரைப் பார்த்தேன். எதிரே ஆழ்வாரைப் பார்த்தேன்.

“ஹெர்னியா” என்றேன்.

வலி இருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். வாந்தி? அதுவும் இல்லை. அப்படியென்றால் கொஞ்சம் பொறுக்கலாம், நாங்களே கூப்பிடுகிறோம் என்றாள். சரிங்க என்றேன். தேங்க்ஸ் வேறு சொன்னேன்.

ஊரான் வீட்டுக் குழாயில் நூலிழை விரிசலுக்கு லாரியை நிறுத்தி வைத்தவன், என் விஷயத்தில் கேட்ட கேள்விக்குப் பொய்யைச் சொல்லி ‘பாஸ்’ எழுதிக்கொண்டேன். கீழே இறங்கித் தெருமுனையில் நின்று திரும்பக் கூப்பிட்டுச் சரியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன். அதற்கு மறுநாள், அவர்களே கூப்பிடுவதாகத்தானே சொன்னார்கள் என்று நினைத்தேன். சாயங்காலமானால் மனைவி, கூப்பிட்டார்களா என்று கேட்பாள். என்ன செய்வது, கொரோனா, வரிசையில் இருக்கிறோம் என்பேன். அவள் ஆஸ்பத்திரியைத் திட்டுவாள். நானும் சேர்ந்து திட்டுவேன். நான் போனில் என்ன சொன்னேன் என்பதை அவளிடம் சொல்லவே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. கத்தி தள்ளிப்போனதில் நிம்மதி. வெட்கம் என்று நான் சொல்லிக்கொண்டதில் பாதி வெறும் பயம். பயந்தாங்கொள்ளிக்கு லாக்டவுன் மாதிரி ஒரு தோது அமையாது. எதைச் செய்யாமல் விட்டாலும் பழியை ஏற்றுக்கொள்ள உலகமே தயாராக இருந்தது. அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கபசுரக் குடிநீர் காய்ச்சுவது எப்படி என்று தினமும் சண்டை நடக்கும். நானும் போய் இரண்டு வார்த்தை சண்டை போட்டுவிட்டு வருவேன். மூன்று வாரம் இப்படியே ஓடியது. கொண்டைக்கடலை அரைநெல்லிக்காய் ஆகியிருந்தது.

அந்தக் காலை மனைவி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வைஃபையில் ஆன்லைன் இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தாள். என் போன் பால்கனிச் சுவரில் இருந்தது. எங்கள் குளியலறையின் சின்ன ஜன்னல் பால்கனியைப் பார்த்துத் திறக்கும். மணி அடித்தது, நான் ஷாம்புவில் இருந்தேன். நாலைந்து தடவை அடித்த பிறகு அத்தை எடுத்தார். காதில் வைத்துக் கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஸ்பீக்கரைப் போட்டு, கையில் தூரமாகப் பிடித்துக்கொண்டு, வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

ஆஸ்பத்திரியிலிருந்துதான். ஹெர்னியா கேஸ்கள் எல்லாம் இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போகும், சாரிடம் சொல்லிவிடுங்கள் என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. சரி என்று அத்தை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“ஹெர்னியா இல்லம்மா அது” என்றார். “மாப்பிள்ளைக்கு விதைக்கொட்டையில கட்டி. ஒரு பக்கம். கேன்சர் கட்டி. அவரு வெக்கப்பட்டுக்கிட்டு உங்ககிட்ட மாத்திச் சொல்லியிருக்காரு. நீ பேரை எடுத்து மேல போடு தாயி.”

எதிர் பால்கனியில் பாசுரம் நின்றது. கீழே தள்ளுவண்டியில் கீரை விற்றுக்கொண்டிருந்தவர் கூவுவதை நிறுத்தினார். எனக்குக் கண்ணில் ஷாம்பு இறங்கியது. அந்தப் பெண் வேறு குரலில், வயது என்னம்மா, ஸ்கேன் எடுத்து எத்தனை நாளாச்சு என்று கேட்டாள். அத்தை வயதையும், ஸ்கேன் எடுத்த கிழமையையும், அது வலியில்லாத கட்டி என்பதையும் ஒன்று விடாமல் சொன்னார். பத்து நிமிஷத்தில் ஒரு டாக்டரே திரும்பக் கூப்பிட்டார். மறுநாள் காலை கொரோனா டெஸ்ட்டுக்கு வரவேண்டும், நெகட்டிவ் என்றால் அதற்கு அடுத்த நாளே ஆப்பரேஷன்.

குளியலறையிலிருந்து நான் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்ததும் மனைவியைப் பிடித்துக்கொண்டேன். நீதானே சொன்னாய் என்று கத்தினேன். அவள் சொல்லவில்லை. மாறாக, ஆஸ்பத்திரியில் ஏன் ஹெர்னியா என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அவள் என்னைக் கேட்டாள். நான் துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தேன். அப்போது சமையலறையிலிருந்து அத்தை, என்னைப் பாராமல், மகளிடம் சொன்னார். “தண்ணி கேனைத் தோள்ல வச்சு மூணு மாடி தூக்கிட்டு வர்ற ஆளுக்கு ஹெர்னியாவாடி? ஹெர்னியாவுக்கு எவளாவது குழாயைத் தொறந்து விட்டுட்டு உள்ள நின்னு அழுவாளா?” அதற்கு முன்பே ஒருநாள் அவளைத் தனியாக மடக்கிக் கேட்டிருக்கிறார். அவள் வாய் திறக்கவில்லையாம். பிறகு ஸ்கேன் காகிதத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். இங்கிலீஷ் தெரியாது, ஆனால் படம் போட்டிருந்ததே. இரண்டு மாடு வளர்க்கிறவருக்கு அது என்ன படம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்ன கட்டி என்பதை மகள் அழுத அழுகையிலேயே தெரிந்துகொண்டாராம்.

மூக்கில் குச்சியை விட்டு மூளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நெகட்டிவ் என்றார்கள். அட்மிஷன் கவுண்டரில் முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் என்னைப் பார்த்து, “நீங்கதானே சார் அந்த ஹெர்னியா?” என்றன. போனில் பேசிய பெண். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுதான் இருக்கும். தன் நோட்டை எனக்குக் காட்டினாள். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டிருந்தாள், உடனே, இந்த வாரம், பொறுக்கலாம் என்று. ‘பொறுக்கலாம்’ பத்தியில் நடுவில் என் பெயரை அடித்து முதல் பத்தியில் மேலே எழுதியிருந்தாள். அந்த முதல் பத்தியில் என்னைத் தவிர எல்லாரும் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னவர்கள். மார்பில் கட்டி என்று ஒரு அம்மா, மலக்குடலில் என்று ஒரு தாத்தா. நான்தான் படித்தவன். தப்பு என்னுதுதான் சார், ரிப்போர்ட் கேட்டிருக்கணும் என்று அவள் வருத்தப்பட்டாள். அவள் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆப்பரேஷன் ஒழுங்காக முடிந்தது. இடதுபக்கம் காலி. வீட்டுக்கு வந்து படுத்தேன். ரசம், கஞ்சி, பத்தியக் குழம்பு எல்லாம் நேரத்துக்கு வந்தன. கொண்டுவந்து வைத்தது மனைவி, செய்தது யார் என்று தெரியும். நான் நன்றிகெட்டவன். அத்தையின் மேல் எனக்குக் கோபம் ஆறவே இல்லை. எதிர்வீட்டு ஆபீசர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் துளசிக்குள் புதைத்துக்கொள்கிறார். அவர் வீட்டு மாமி ஒருநாள், எல்லாம் பெருமாள் பாத்துப்பார் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். கீரைக்காரர் ஒரு கட்டு முருங்கைக்கீரையைச் சும்மா கொடுத்தனுப்பினார். இந்தச் சந்தில் இனி நான் எப்படி நடப்பேன் என்றுதான் படுத்துக்கொண்டு யோசித்தேனே தவிர, நடப்பதற்கு ஆள் மிச்சமிருப்பது யாரால் என்று யோசிக்கவில்லை.

பத்து நாளில் ரிசல்ட் வந்தது. புற்றுநோய்தான். வயிற்றுக்குள் ஒரு நெறிக்கட்டியில் கொஞ்சம் பரவியிருந்தது. கீமோ மூன்று சுற்று, திங்கட்கிழமை தொடங்கலாம் என்றார் டாக்டர். அதற்கு முன்னால், பின்னால் பிள்ளை பெற வேண்டி வந்தால் உதவும் என்று விந்தை ஒரு டப்பாவில் சேமித்து வைக்கச் சொன்னார். அதையும் செய்தேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு அந்தக் காரியத்தைச் செய்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் பரவாமல் இருந்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து கீமோ வேண்டாம் என்று முடிவு செய்தேன். வேண்டாம் என்றால் ஒரேயடியாக வேண்டாம் என்று இல்லை. கொரோனா போகட்டும், அப்புறம். இந்தத் தடவை என்னிடம் நல்ல காரணம் இருந்தது. கீமோ போட்டால் எதிர்ப்பு சக்தி இறங்கும், அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் கொரோனா ஒட்டிக்கொண்டால் செத்தேன். டாக்டரும் அந்த ஆபத்து இல்லையென்று சொல்லவில்லை, அதையும் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன், காத்திருப்பது இதைவிட ஆபத்து என்றார். கணக்கு டீச்சரும் அதையே சொன்னாள், கெஞ்சினாள், தட்டைத் தூக்கி எறிந்தாள். நான் சனிக்கிழமை சாயங்காலம் வரை அசையவில்லை. நாட்டு நிலவரம் தெரியாமல் பேசாதே என்று அவளுக்கே பாடம் எடுத்தேன்.

அப்போது அத்தை சமையலறையிலிருந்து வந்தார். ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, உங்க மாமாவுக்கு வெளிக்குப் போறப்ப ரத்தமாப் போச்சு. என்னங்கன்னு கேட்டேன். மூலம்னாரு. எட்டு மாசம் மூலம்னே சொன்னாரு. நானும் கருணைக்கெழங்கா வாங்கி வாங்கி ஆக்கிப் போட்டேன். டாக்டருகிட்ட அந்த எடத்தைக் காட்ட வெக்கமாம். கட்டின பொண்டாட்டி எங்கிட்டயே வெக்கம். மதுரைக்குக் கொண்டு போனப்ப வயித்தைத் தொறந்து பாத்துட்டு, ஒண்ணும் செய்யாம அப்படியே தச்சு அனுப்பிட்டாங்க.”

கதவோரம் நின்ற என் மனைவி மெல்லக் கீழே உட்கார்ந்தாள். அப்பா மஞ்சள் காமாலையில் போனார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அப்போது அவள் ஹாஸ்டலில் இருந்து பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை அவள் பக்கம் திரும்பவில்லை. “அவரு மூலம்னாரு. நீங்க ஹெர்னியான்னீங்க. இப்ப கொரோனாங்கிறீங்க. நான் இன்னும் எத்தனை தடவதான் நம்புறது?”

என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. முப்பத்து நான்கு வயதில் மாமியார் முன்னால் வாய்விட்டு அழுதேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது அத்தை என்றேன். எனக்கும்தான் பயமா இருக்கு என்றார்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆட்டோ வந்தது. துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மனைவி செருப்பை மாட்டுவதற்குள் அத்தை கூடையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் தடுப்பு போட்டிருந்தார்கள். போலீஸ்காரர் குனிந்து, இவ்வளவு காலையில் எங்கே என்றார். ஆட்டோக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார், நான் முந்திக்கொண்டேன்.

“விதையில கேன்சர் சார். ஒரு பக்கம் எடுத்தாச்சு. இன்னைக்கு முதல் கீமோ, தில்லை நகருக்குப் போறோம்.”

அவர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். அம்மா யார் என்றார். என் மாமியார் என்றேன். கேன்சரை அப்படியே நம்பியவர் இதைத்தான் நம்பவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தடுப்பை அவரே நகர்த்திவிட்டார்.